எந்த ஊர் ஆட்டம் என்று சொன்னால்தான் துணி வெட்டுவேன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் தையல் வேலை செய்கிறவள். பாடசாலைச் சீருடை, சட்டை, சாரி பிளவுஸ் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். நவராத்திரிக்குப் பாடசாலைகளில் எடுக்கிற வாணி விழா, பரிசளிப்பு விழா, போட்டிகள் என்று வரத் தொடங்கினால் நடன உடுப்புத் தைக்கவே நேரம் போதாது. கல்முனை, காரைதீவு, அந்தப் பக்கம் களுவாஞ்சிக்குடி வரைக்கும் இருந்து ரீச்சர்மார் தேடி வருவார்கள். இருபத்தைந்து வருடமாக இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மேடையில் உடுத்தியதைத் தைத்திருக்கிறேன். அதனால் மேடையில் நடப்பதைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு பாடசாலையில் இருந்து பதினாறு பெண்பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்க வேண்டும் என்று வந்தார்கள். என்ன நடனம் என்று கேட்டேன். "இந்தியக் கிராமிய நடனம், பஞ்சாப் டான்ஸ்" என்றார்கள். போனில் படமும் காட்டினார்கள். படத்தில் இருந்தது கண்ணாடித் துண்டு வைத்துத் தைத்த சுற்றுப் பாவாடை, முதுகில் கயிறு கட்டுகிற ரவிக்கை, கையில் இரண்டு கோல். இது பஞ்சாப் இல்லை, குஜராத் ஆக்களின் உடுப்பு, அந்தக் கோலும் அவர்களுடைய தாண்டியா ஆட்டத்துக்கு உரியது என்று சொன்னேன். வந்தவர் கோபிக்கவில்லை, நல்ல பிள்ளைதான், அவசரத்தில் இருந்தார். "எல்லாம் வட இந்தியாதானே அக்கா, இஞ்ச ஆருக்குத் தெரியப் போகுது" என்றார்.

நான் தைத்துக் கொடுத்தேன். எனக்கும் காசு தேவையாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் போனது. ஒரு தாய் மூன்று தவணையாகக் கட்டினார். பிள்ளைகள் ஒரு ஹிந்திப் படப் பாட்டுக்கு ஆடினார்கள், நடுவில் இன்னொரு பாட்டு, கடைசியில் வேகமாக ஒரு தமிழ்ப் படப் பாட்டு. சனம் கைதட்டியது, பரிசும் கிடைத்தது. உடுப்பைச் சரிபார்க்க வந்த நாளில் ஒரு சின்னப் பிள்ளை, ஒன்பது வயது இருக்கும், என்னிடம் கேட்டது: "மாமி, இத அவங்கட ஊர்ல எப்ப ஆடுறவங்க? வாணி விழாவுக்கா?"

ஆசிரியர் அவர்களே, அந்தப் பிள்ளை கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று பாருங்கள். குஜராத்தில் நவராத்திரி ஒன்பது இரவும்தான் தாண்டியாவும் அதோடு சேர்ந்த கர்பா என்ற வட்ட ஆட்டமும் ஆடுகிறார்கள். நடுவில் சின்னச் சின்னத் துளை போட்ட ஒரு மண்பானை, அதற்குள் விளக்கு. அம்பாளாக நினைத்து அந்த விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக ஆடுவார்கள். கர்ப்பம் என்ற சொல்லில் இருந்துதான் கர்பா என்ற பெயரே வந்தது. பானை கருப்பை, விளக்கு அதற்குள் இருக்கிற உயிர். நம் பாடசாலைகளில் அதே ஒன்பது நாளும் கும்பம் வைத்து, அவல் கடலை படைத்து, சகலகலாவல்லி மாலை பாடுகிறோம். பிள்ளைக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் அந்தப் பதினாறு பேரும் வட்டத்தைப் பார்த்து ஆடியிருப்பார்கள், சனத்தைப் பார்த்து அல்ல. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் கர்பாவைச் சேர்த்தது. அப்படி உலகமே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்ட ஆட்டத்தை நாம் இங்கே வேறு மாநிலத்தின் பெயரில், வேறு பாட்டுக்கு, நடுவில் விளக்கே இல்லாமல் ஆடிப் பரிசும் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் பஞ்சாப். அவர்களுடைய பாங்ரா ஆண்களின் ஆட்டமாகத் தொடங்கியது. கோதுமை விளைந்து அறுவடைக்கு வருகிற நேரம், வைசாகி நாள், ஏப்ரல் 13 அல்லது 14. தலைப்பாகையின் ஒரு முனை விசிறி போல விரிந்து நிற்கும், இடுப்பில் நம் சாரம் போலச் சுற்றிய துணி. பெண்களுக்குக் கித்தா என்று தனியாக ஒன்று இருக்கிறது. வட்டமாக நின்று கைதட்டிச் சின்னச் சின்னப் பாட்டுகளை ஒருவர் மாறி ஒருவர் எடுத்துப் பாடி ஆடுவது. நம் கும்மிக்கு அது எவ்வளவு கிட்ட! பதினாறு பெண்பிள்ளைகளுக்குப் பஞ்சாப் ஆட்டம்தான் வேண்டும் என்றால் கித்தாவைப் பழக்கியிருக்கலாமே. கண்ணாடிப் பாவாடையும் தேவையில்லை, கோலும் தேவையில்லை, கை இருந்தால் போதும்.

அந்த ஏப்ரல் 14 தான் எனக்கு எப்போதும் ஆச்சரியம். பஞ்சாபில் வைசாகி நடக்கிற அதே நாட்களில் அசாமில் பிகு. எருமைக் கொம்பில் செய்த பேப்பா என்ற ஊதுகுழல், மேளம், மூங்கிலில் செய்து வாயில் வைத்து வாசிக்கிற சின்ன வாத்தியம், பொன் நிறத்தில் முகா பட்டு. அந்தப் பட்டுக்குச் சாயமே போடுவதில்லை, அந்தப் பூச்சியின் நூலே அந்த நிறம். (துணிக்காரிக்கு இதெல்லாம் மனதில் நிற்கும்.) அதே நாளில்தான் நமக்குச் சித்திரை வருடப்பிறப்பு, நம் ஊர்களில் மகுடிக் கூத்து ஆடுகிற காலம். பெரும்போகம் வெட்டி, சூடடித்து, நெல்லு வீட்டுக்கு வந்து, கையில் கொஞ்சம் காசும் மனதில் கொஞ்சம் ஓய்வும் இருக்கிற நேரம். எங்கேயாவது ஒரு பஞ்சாப் விவசாயியும் நம் படுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்து வயல் ஊர்கள்) விவசாயியும் அந்த நேரத்தில் ஒரே மாதிரித்தான் மூச்சு விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சூடடிக்கிற களவெட்டியில் நெல்லு பொலிய வேண்டும் என்று பொலி பாடுகிறதை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். இப்போது அறுவடை மெசின் வந்து ஒரே நாளில் எல்லாம் முடிகிறது. அது நல்லதுதான், முதுகு முறிய வேலை செய்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் பொலிப் பாட்டை மெசின் பாடாது.

இதெல்லாம் ஒரு தையல்காரிக்கு எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கலாம். பாதி, உடுப்புத் தைக்கும்போது தேடிப் படித்தது. ஒவ்வொரு முறையும் ஒரு ஓடர் வரும்போது அது எந்த ஊர் உடுப்பு, ஏன் அப்படி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். யூடியூப்பில் எத்தனை இரவு இருந்திருப்பேன் என்று என் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். மற்றப் பாதி வேறு கதை.

1990 இல் எங்கள் பக்கத்தில் பிரச்சினை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அப்பா அந்த வருடத்தோடு இல்லாமல் போனார், அதைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. நானும் அம்மாவும் மன்னார்ப் பக்கம் போய்ப் படகேறி, கடைசியில் திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் நாலு வருடம் இருந்தோம். முகாமுக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் திரௌபதை அம்மன் கோயில். வெயில் காலத்தில் பாரதம் நடத்தினார்கள். பகலில் ஒருவர் பாரதக் கதை படித்து விளக்கம் சொல்வார், இரவு முழுக்கத் தெருக்கூத்து. கட்டியக்காரன் வந்து சனத்தைச் சிரிக்க வைப்பான், ஆர்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் கேட்கும், பிறகு தலையில் பெரிய கிரீடமும் தோளில் கட்டையும் வைத்துக்கொண்டு துரியோதனன் வருவான். அந்தக் கிரீடமும் தோள்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் நிறத்தாளும் ஒட்டியவை. பாரம் குறைந்த மரம், அதனால்தான் விடியும் வரை சுமந்து ஆட முடியும். கடைசி நாள் படுகளம். மண்ணால் துரியோதனன் உருவத்தைப் படுத்த படுக்கையாக நிலத்தில் செய்திருந்தார்கள், ஒரு வீட்டளவு நீளம். வீமன் வேடக்காரன் அந்தத் தொடையில் அடித்ததும் திரௌபதை கூந்தலை முடித்தாள். பெண்கள் எல்லாம் அழுதார்கள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "நம்மட பாண்டிருப்பு அம்மன் இஞ்சயும் இருக்கா மனே."

எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கு. பாரத யுத்தமும் பதினெட்டு நாள். பஞ்சபாண்டவரும் திரௌபதையும் வனவாசம் போவதும், அருச்சுனன் தவநிலையும், முடிவில் தீமிதிப்பும் ஊரே கூடி நடத்துவது. கடல் கடந்து ஒன்றுமில்லாமல் போய் நின்ற இடத்தில், நம் ஊர்க் கோயிலின் கதையை வேறு ஒரு ஊர்ச் சனம் தங்கள் கதையாக ஆடுவதைப் பார்த்தபோது அம்மாவுக்கு என்ன வந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அதன் பிறகுதான் அம்மா முகாமில் மற்றப் பெண்களோடு கதைக்கத் தொடங்கினா.

அப்பாவும் தையல்காரர்தான். கூத்து உடுப்புத் தைக்கிறவர். நம் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. வடமோடிக்குக் கரப்புடுப்பு. கரப்பு என்றால் நம் பக்கத்தில் கோழி மூடுகிற கூடை, அதைப் போல இடுப்பில் இருந்து விரிந்து நிற்கும். வடமோடி உடுப்பு பாரமானது, அரசனும் வீரனும் யுத்தமும் வருகிற கதைகள், ஆட்டமும் அதற்கேற்ற மாதிரி. தென்மோடிக்கு உடுப்புப் பாரம் குறைவு. எந்த மோடி, எந்தப் பாத்திரம் என்று கேட்காமல் அப்பா துணியில் கத்தரிக்கோல் வைத்ததை நான் கண்டதில்லை. "ஆர் ஆடுறான், என்ன ஆடுறான் எண்டு தெரியாம வெட்டினா அது வெறும் துணி" என்று சொல்வார். போன வருடம் அந்தப் பதினாறு பாவாடையையும் தைக்கும்போது இந்தச் சொல் என்னை விடவில்லை.

கூத்து எப்படிப் பழக்கினார்கள் என்று இன்றைய பெற்றோர் பலருக்குத் தெரியாது. கூத்துப் பழக்குகிற ஆசானான அண்ணாவியார் ஆளுக்கு ஆள் குரல் பார்த்து, உடல் பார்த்து, கால் பார்த்துப் பாத்திரம் பிரிப்பார். சட்டம் கொடுத்தல் என்று அதற்கே ஒரு நாள் உண்டு. பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம். வயல் வேலை முடித்து வந்த ஆண்கள், மத்தளமும் சல்லரியும் கேட்டால் களைப்பெல்லாம் மறந்து தாளக்கட்டு ஆடுவார்கள். சதங்கை அணிகிற நாள் வரும், அடுக்குப் பார்க்கிற ஒத்திகை நாள் வரும், அப்புறம் வட்டக்களரி கட்டி ஊர் கூடி அரங்கேற்றம். அதோடும் முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். ஏழு நிமிட மேடைக்கு ஏழு மாதம் பழக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது விடியும் வரை ஆடுவதைச் சுருக்கினார், வெளிச்சத்தையும் மேடையையும் மாற்றினார், ஆட்டத்தையும் மத்தளத்தையும் மட்டும் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரிடம்தான் பழக விட்டார். பேராசிரியருக்கே அண்ணாவியார் தேவைப்பட்டார். நமக்கு மட்டும் ஏன் ஒரு பென் டிரைவ் போதும் என்று தோன்றுகிறது?

நம்மிடம் என்னவெல்லாம் இருக்கிறது! கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்குக் காலத்தில் ஆடுகிற வசந்தன் இருக்கிறது. இரட்டைப்படையில் ஆட்கள் நின்று, கையில் கோல், காலில் சதங்கை, வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒருவர் கோலில் ஒருவர் தட்டி ஆடுவது. வேளாண்மை வெட்டுகிறதைப் பாடி ஆடுகிற வசந்தன்கூட உண்டு. தி. சதாசிவ ஐயர் அந்தப் பாட்டுகளைத் தேடித் திரட்டி 1940 இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். குஜராத்தின் தாண்டியா உடுப்புக்குப் பிள்ளைக்கு ஐயாயிரம் ரூபா செலவழிக்க வைத்த பாடசாலைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் வசந்தன் ஆடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தப் பாடசாலை வாசலுக்கு அழைக்கப்பட்டதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்களுக்கு அடுத்த ஊர் மருதமுனை. நான் கைத்தறித் துணி எடுப்பதே அங்கேதான். அங்கே, நிந்தவூரில், அக்கரைப்பற்றில் முஸ்லிம் ஆட்கள் ஆடுகிற பொல்லடி இருக்கிறது, களிகம்பு என்றும் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் வரவேற்புக்கும் ஆடுவார்கள், அதற்கும் ஒரு அண்ணாவியார் இருப்பார், பொல்லு பொல்லோடு மோதுகிற சத்தமே தாளம். வசந்தனும் பொல்லடியும் தாண்டியாவும், தமிழ்நாட்டுக் கோலாட்டமும் ஒரே மேடையில் ஒன்றன் பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் தன் பெயரோடும் தன் பாட்டோடும் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கையில் கோல் எடுத்தால் மனிதர் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை ஒரே மாலையில் கண்டுகொள்ளும். தமிழும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு ஒருவர் ஆட்டத்தை ஒருவர் பார்க்காமலே வளர்கிற இந்த நிலைமைக்கும் அது நல்லது. எங்கள் தலைமுறை பட்டது போதும்.

பறைமேளத்தையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பறைமேளக் கூத்தில் பறை, தம்பட்டம், சொர்ணாளிக் குழல் என்று சேர்ந்து வாசித்து ஆடுவது தனி அழகு. அதைச் செத்தவீட்டு மேளம் என்று ஒதுக்கி, அடிக்கிறவர்களையும் ஒதுக்கி வைத்தோம். தமிழ்நாட்டில் அதே பறையை இன்று படித்த பிள்ளைகள், பெண்பிள்ளைகளும், தோளில் மாட்டிக்கொண்டு பெருமையாக ஆடுகிறார்கள். வேப்ப மரத்துண்டு மூன்றை வளைத்துச் சேர்த்த சட்டம், அதன் மேல் தோல், ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறுகையில் மெல்லிய சிண்டுக்குச்சி. பஞ்சாபின் டோல் மேளத்திலும் அப்படித்தான், ஒரு பக்கத்துக்குத் தடித்த தடி, மற்றப் பக்கத்துக்கு மெல்லிய குச்சி. இதை முதலில் கவனித்த நாளில் தனியாக இருந்து சிரித்தேன், அவ்வளவு சந்தோசம்.

"அப்படியென்றால் இந்தியா நடனமே வேண்டாம், நம்முடையதை மட்டும் ஆடுவோம்" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கமும் இல்லை. எனக்கு அந்த ஆட்டங்கள் மேல் உண்மையாகவே ஆசை. ராஜஸ்தானின் கால்பேலியாவைப் பாருங்கள். கறுப்புப் பாவாடையில் நிற நூல் வேலை, சுற்றும்போது பாம்பு படமெடுக்கிற மாதிரி. அந்தச் சனம் பாம்பாட்டிகள். 1972 இல் இந்தியாவில் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்பு பிடிக்கிறது குற்றமானபோது பிழைப்பு போய், அந்த ஆட்டமும் பாட்டும்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. 2010 இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. அந்த உடுப்பைத் தைக்கச் சொல்லி ஒரு முறை வந்தபோது "ஜிப்சி டான்ஸ்" என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சனம் பிழைப்பு இழந்து ஆட்டத்தால் எழும்பியதை ஒரு பிள்ளைக்குச் சொல்லாமல் அந்தக் கறுப்புப் பாவாடையை மட்டும் மாட்டிவிடுவது சரியா? இழப்பும் எழும்புதலும் நம் பிள்ளைகளுக்குத்தான் எல்லாரையும் விட நன்றாக விளங்கும்.

அதே 2010 இல் சேர்ந்த இன்னொன்று கிழக்கு இந்தியாவின் சௌ நடனம். புருலியா, செராய்கேலா, மயூர்பஞ்ச் என்று மூன்று வகை. முதல் இரண்டுக்கும் முகமூடி உண்டு, மயூர்பஞ்சுக்கு இல்லை. புருலியாவில் சரிதா என்ற கிராமத்தில் குடும்பம் குடும்பமாக அந்த முகமூடி செய்கிறார்கள். களிமண்ணில் முகம் பிடித்து, மேலே தாள் மேல் தாளாக ஒட்டி, காய வைத்து, மண்ணைக் கழற்றி, நிறம் தீட்டுவது. எங்கள் வீட்டில் அப்பா கிரீடத்துக்குத் தாள் ஒட்டியது நினைவு வரும். அந்த ஊருக்கு ஒரு முறை போக வேண்டும் என்பது என் ஆசை, நடக்குமோ தெரியாது.

"பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்குத்தான் ஆடுவார்கள், வேறு எதற்கும் வரமாட்டார்கள்" என்று சொல்கிறவர்களுக்கு நான் என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், எந்நேரமும் போனோடு இருக்கிறவன், மாமன் வீட்டுக்குப் படுவான்கரைக்குப் போய் இரண்டு கிழமை இருந்து வசந்தன் பழகி வந்தான். வந்த நாளில் இருந்து எங்கள் மதிலில் கோல் தட்டுகிறதுதான் வேலை. தாய் ஏசினால் படலையில் தட்டுவான். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று நாமே முடிவு செய்துவிட்டு அதை மட்டும் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. பாடசாலையிலும் போட்டியிலும் கிராமிய நடனம் என்று ஒன்றை மேடை ஏற்றினால், ஆடுகிற பிள்ளைகளில் ஒருவரே முன்னால் வந்து, இது எந்த நாட்டு, எந்த மாநிலத்து ஆட்டம், யார் ஆடுவார்கள், எந்தக் காலத்தில், எதற்காக என்று சொல்லிவிட்டு ஆடட்டும். அந்த ஆட்டத்துக்குரிய பாட்டு இருக்கட்டும், முடிந்தால் ஒரு பிள்ளையாவது மேளமோ தாளமோ நேரில் அடிக்கட்டும். நடுவர்களாக இருக்கிறவர்கள் மினுக்கத்துக்குப் புள்ளி போடுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மினுக்குகிற துணிக்குப் புள்ளி போனதால்தான் கடன் பட்டாவது அந்தத் துணியை வாங்குகிறார்கள், இதை நான் வியாபாரம் குறையும் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு அண்ணாவியாரை, ஒரு பொல்லடி அண்ணாவியாரை, ஒரு பறைமேளக்காரரைப் பாடசாலைக்கு அழையுங்கள், பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாமல் போக்குவரத்துக் காசும் பழக்கிய நாளுக்குரிய காசும் கொடுங்கள். கண்ணாடிப் பாவாடைக்குச் சேர்த்த காசில் கால்வாசி போதும்.

காரைதீவு நமக்குப் பக்கத்தில்தானே. 1892 இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழ் எப்படி இருந்திருக்கும், எப்படிப் பாடியிருக்கும் என்று வருடக்கணக்கில் ஏடும் கணக்கும் பார்த்து, 1947 இல் கண்மூடுகிற வருடத்தில்தான் 'யாழ் நூல்' என்ற நூலை வெளியிட்டார். யாரும் கேட்கப் போவதில்லை என்று அவர் நினைத்திருந்தால் அது வந்திருக்குமா? அவர் பெயரில் விழா எடுக்கிற மேடையிலேயே பெயர் தெரியாத ஆட்டம் ஆடுகிறோம்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனிமேல் எந்தப் பாடசாலை வந்தாலும், என்ன ஆட்டம், எந்த ஊர் என்று சொன்னால்தான் துணி வெட்டுவேன். தெரியாது என்றால் இருந்து தேடிப் பார்ப்போம், என் போனில் தேடலாம், தேநீர் தருகிறேன். வசந்தனோ பொல்லடியோ ஆடப் போகிறோம் என்று வருகிற பாடசாலைக்குத் தையல் கூலி வாங்கமாட்டேன், துணிக்காசு மட்டும் போதும், துணியும் மருதமுனைக் கைத்தறியாக இருந்தால் எனக்குச் சந்தோசம். கொட்டியாரமோ பொத்துவிலோ, தூரம் எதுவானாலும் பரவாயில்லை, அளவை அனுப்பினால் தைத்து பஸ்ஸில் போட்டு விடுகிறேன். தை மாதம் முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். மாசி பிறந்தால் படுவான்கரையில் கூத்துப் பழகுகிறவர்களின் கரப்புடுப்பு வேலை தொடங்கிவிடும், அது அப்பா விட்டுப்போன வேலை, அதைத் தள்ளி வைக்க முடியாது.

இப்படிக்கு,
பாண்டிருப்பில் இருந்து ஒரு தையல்காரி